முதலிடம் என்ன விலை?

தள்ளுபடிக் கணக்கிலிருந்து தரவரிசைக்கு ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். குறித்த விலை, தள்ளுபடி, விற்ற விலை ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, “தள்ளுபடி கொடுப்பதால் கடைக்காரருக்கு என்ன நன்மை?” என்று கேட்டேன். ஆடி மாதத் துணிக்கடை, செருப்புக்கடை, பாத்திரக்கடை என்று பதில்கள் வந்தன. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் மட்டும், “தள்ளுபடி கொடுத்தா நம்பர் ஒன் ஆகலாம் மிஸ்” என்றான்.

வகுப்பு சிரித்தது. இரண்டாம் வரிசையில் இருந்த மாணவி சிரிக்கவில்லை. எழுந்து நின்று சொன்னாள்: “அவன் எங்க பி.டி.எஸ். குழுவைத்தான் சொல்றான் மிஸ். ‘பட்டர்’ பாட்டு அமெரிக்காவுல பத்து வாரம் முதலிடம். அதைக் குறைஞ்ச விலைக்கு வித்ததாலதான் வந்துச்சாம். அப்போ அத்தனை பேர் அந்தப் பாட்டை ரசிச்சது பொய்யா மிஸ்?”

அன்று என்னிடம் பதில் இல்லை. “இரண்டு நாளில் சொல்கிறேன்” என்று கூறி, பயிற்சிக் கணக்கிற்குத் திரும்பினேன். ஆனால் அவளுடைய கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. அதில் சதவீதம் இருந்தது, நட்டக் கணக்கு இருந்தது, புள்ளியியல் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் எண்ணை எப்படி நம்புவது என்ற கேள்வி இருந்தது. அந்த இரண்டு நாளில் நான் தேடிப் படித்ததையும், அதை இரண்டு பாடவேளைகளுக்குரிய பாடமாக மாற்றிய விதத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பட்டியல் எப்படிப் பிறக்கிறது?

மாணவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது, தரவரிசைப் பட்டியல் தானாக உருவாவதில்லை என்பதுதான். யாரோ ஒருவர் எதையோ ஒரு முறையில் எண்ணித்தான் அதை உருவாக்குகிறார். இங்கிலாந்தில் 1952 நவம்பர் 14 அன்று ஓர் இசை வார இதழ் அந்நாட்டின் முதல் பாடல் விற்பனைப் பட்டியலை வெளியிட்டது. அதற்காகச் செய்த ‘ஆய்வு’ எளியது. சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் பில்போர்ட் இதழ் 1940 முதல் இத்தகைய பட்டியல்களை வெளியிட்டுவருகிறது. இன்று உலகம் பேசும் ‘ஹாட் 100’ பாடல் பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. பல ஆண்டுகள் கடைக்காரர்கள் சொன்னதே கணக்கு. 1991இல் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கடையில் பட்டைக்குறியீட்டை வருடும்போதே விற்பனை பதிவாகிவிடும். முறை மாறியதும் பட்டியலின் முகமும் மாறியது. கடைக்காரர்கள் குறைத்து மதிப்பிட்டிருந்த கிராமிய இசையும் ராப் இசையும் மேலே வந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் கார்த் புரூக்ஸ் பாடிய ‘ரோப்பின் தி விண்ட்’ வெளியான முதல் வாரத்திலேயே ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிராமிய இசை ஆல்பம் ஒன்று அவ்வாறு நுழைந்தது அதுவே முதல் முறை.

இங்கே வகுப்பில் ஒரு நிமிடம் நிறுத்தி, “மக்களின் ரசனை ஒரே மாதத்தில் மாறிவிட்டதா?” என்று கேளுங்கள். இல்லை, மாறியது எண்ணும் முறை. இந்த ஒரு விடையை மாணவர்கள் பிடித்துக்கொண்டால், மீதிப் பாடம் தானாக நடக்கும்.

99 சென்ட் வாரம்

2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் ஐட்யூன்ஸ் இணையக்கடை திறந்தபோது, ஒரு பாட்டின் விலை 99 சென்ட். அதாவது ஒரு டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. 2005 பிப்ரவரி முதல் ஹாட் 100 கணக்கில் இப்படிப் பதிவிறக்கி வாங்கும் பாடல்களும் சேர்ந்தன. இசைத்தட்டை அச்சிடச் செலவு உண்டு, லாரியில் ஏற்றச் செலவு உண்டு. பதிவிறக்கப் பாட்டை இன்னொரு பிரதி எடுக்கச் செலவே இல்லை என்று சொல்லலாம். ஆகவே அதன் விலையை ஒரே நாளில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்க முடியும்.

அப்படிக் குறைத்த நாள் 2011 மே 23. லேடி காகாவின் ‘பார்ன் திஸ் வே’ ஆல்பம் அன்று அமெரிக்காவில் வெளியானது. மற்ற இணையக்கடைகளில் பத்து டாலருக்கு மேல் விற்ற அந்த ஆல்பத்தை, அமேசான் தன் தளத்தில் 99 சென்ட்டுக்கு விற்றது. ஒரு பாட்டின் விலையில் ஒரு முழு ஆல்பம்! வாங்க வந்த கூட்டத்தில் அமேசானின் கணினிகளே திணறின. பலருக்குப் பாட்டு இறங்கத் தாமதமானது. மூன்று நாள் கழித்து அதே விலையில் மீண்டும் விற்றார்கள்.

அமேசானுக்கு இதில் என்ன ஆதாயம்? பாட்டுகளைச் சேமித்துவைத்து எங்கிருந்தும் கேட்கும் இணையச் சேமிப்பகச் சேவையை அது அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்தச் சேவைக்கு ஆள் சேர்ப்பதே நோக்கம். இசை நிறுவனத்துக்கு வழக்கமான மொத்த விலையைக் கொடுத்துவிட்டு, நட்டத்தைத் தானே ஏற்றுக்கொண்டது என்று அப்போதைய செய்திகள் கூறின. நம் ஊர்க் கடைத்தெருவில் திறப்பு விழா நாளில் பொருளை அடக்க விலைக்கும் கீழே கொடுப்பார்களே, அதே உத்திதான்.

அந்த வாரம் அமெரிக்காவில் விற்ற மொத்தப் பிரதிகள் 11,08,000. ஆறு ஆண்டுகளில் எந்த ஆல்பமும் ஒரே வாரத்தில் அவ்வளவு விற்றதில்லை. அவற்றுள் சுமார் 4,40,000 பிரதிகள் அமேசானில் 99 சென்ட்டுக்கு விற்றவை என மதிப்பிட்டார்கள். அடுத்த வாரம் விற்பனை சுமார் 1,74,000 ஆக இறங்கியது.

கரும்பலகைக் கணக்குகள்

இந்த எண்களை மாணவர்களிடம் கொடுத்து நான்கு கணக்குகள் கேட்டேன்.

முதல் கணக்கு: மொத்த விற்பனையில் 99 சென்ட் பிரதிகள் எத்தனை சதவீதம்? 4,40,000ஐ 11,08,000ஆல் வகுத்தால் ஏறத்தாழ 40 சதவீதம். ஐந்தில் இரண்டு பங்கு.

இரண்டாம் கணக்கு: இரண்டாம் வாரம் விற்பனை எத்தனை சதவீதம் குறைந்தது? குறைவு 9,34,000. சதவீதத்தில் சுமார் 84.

மூன்றாம் கணக்கு: கடை ஒரு பிரதிக்கு 8 டாலர் கொடுத்து வாங்கியது என்று வைத்துக்கொள்வோம். 99 சென்ட்டை ஒரு டாலராக முழுமையாக்கினால், 4,40,000 பிரதிகளில் நட்டம் எவ்வளவு? ஒரு பிரதிக்கு 7 டாலர் வீதம் 30,80,000 டாலர். இது நாமாக வைத்துக்கொண்ட விலை என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். தரவு எது, ஊகம் எது என்று பிரித்துப் பார்க்கவும் இது பயிற்சி.

நான்காம் கணக்கில்தான் விவாதம் சூடுபிடித்தது. 99 சென்ட் பிரதிகளைக் கழித்தால் எத்தனை மிஞ்சும்? 6,68,000. அப்படியென்றால் தள்ளுபடி இல்லாவிட்டாலும் அந்த ஆல்பம் முதலிடம் பிடித்திருக்கும். அந்த வாரம் வேறு எந்த ஆல்பமும் அந்த அளவை நெருங்கவில்லை. இங்கே தள்ளுபடி முதலிடத்தைக் கொடுக்கவில்லை. ‘பத்து லட்சத்துக்கு மேல்’ என்ற தலைப்புச் செய்தியைத்தான் கொடுத்தது.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், 99 சென்ட்டுக்கு வாங்கினவங்கள்ல சில பேர், தள்ளுபடி இல்லாட்டியும் முழு விலை குடுத்து வாங்கியிருப்பாங்க இல்ல?” மிகச் சரியான கேள்வி. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று விற்பனை எண்ணிலிருந்து தெரியாது. ஆகவே 6,68,000 என்பது உறுதியான விடை அன்று. ‘குறைந்தது இவ்வளவாவது விற்றிருக்கும்’ என்றுதான் அதைக் கொள்ளலாம். இரண்டாம் வார இறக்கத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். பெரிய கலைஞர்களின் ஆல்பங்கள் இரண்டாம் வாரத்தில் இறங்குவது வழக்கம்தான். 84 சதவீத இறக்கம் முழுவதும் தள்ளுபடியால் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

விதி மாறியது

அந்த வாரத்துக்குப் பிறகு அமெரிக்க இசைத்துறையில் ஒரு விவாதம் எழுந்தது. ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்ததை ‘விற்பனை’ என்று எண்ணலாமா? 2011 நவம்பரில் பில்போர்ட் ஒரு விதியை அறிவித்தது. வெளியான முதல் நான்கு வாரங்களில் 3.49 டாலருக்குக் குறைவாக விற்கும் ஆல்பம் பட்டியல் கணக்கில் சேராது. தனிப்பாட்டுக்கு முதல் மூன்று மாதங்களில் 39 சென்ட் என்பது எல்லை.

விதிகள் அதோடு நிற்கவில்லை. கச்சேரி நுழைவுச்சீட்டு, பனியன் ஆகியவற்றோடு ஆல்பத்தையும் கட்டிக்கொடுத்து விற்பனை எண்ணை ஏற்றும் பழக்கம் வளர்ந்தது. 2020 அக்டோபரில் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆல்பம் தனியே விலை குறிக்கப்பட்டு, வாங்குபவர் விரும்பிச் சேர்த்துக்கொண்டால் மட்டுமே கணக்கில் சேரும் என்று அப்போது விதித்தார்கள். இணையத்தில் கேட்பதற்கும் எடை வகுத்தார்கள். 2018இல், சந்தா கட்டுவோர் 1,250 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம். விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்போர் 3,750 முறை கேட்டால்தான் ஓர் ஆல்பம். விகிதம் 1:3.

இந்த வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது ஒன்றை வலியுறுத்தலாம். விதி 3.49 டாலர் என்று இயற்கை சொல்லவில்லை. மனிதர்கள் கூடிப் பேசி வகுத்த எல்லை அது. 3.50க்கு விற்றால் ‘விற்பனை’, 3.48க்கு விற்றால் ‘விற்பனை அன்று’. எல்லைக்கு இருபுறமும் வாங்கியவரின் ரசனை ஒன்றுதான். எல்லை இல்லாமல் எண்ண முடியாது. எங்கே போட்டாலும் எல்லைக்கு அருகில் சிறு அநியாயம் இருக்கும்.

ஒரு பாட்டின் விலை பாதியானால்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். 2009 ஏப்ரல் முதல் ஐட்யூன்ஸில் பாட்டுகளுக்கு மூன்று விலைகள்: 69 சென்ட், 99 சென்ட், 1.29 டாலர். புதிய, புகழ்பெற்ற பாட்டு பொதுவாக 1.29 டாலர். அதை 69 சென்ட்டுக்குக் கொடுத்தால் தள்ளுபடி 46.5 சதவீதம், ஏறக்குறைய பாதி விலை. 69 சென்ட் 39ஐ விட அதிகம். ஆகவே விதிப்படி முழுக் கணக்கில் சேரும். எத்தனையோ பாடகர்களின் நிறுவனங்கள் இந்த வழியைக் கையாண்டிருக்கின்றன.

ஹாட் 100 விற்பனையை மட்டும் எண்ணுவதில்லை. வானொலியில் ஒலிப்பது, இணையத்தில் கேட்பது, விலைகொடுத்து வாங்குவது ஆகிய மூன்றையும் சேர்க்கிறது. ஒருமுறை கேட்பதைவிட ஒருமுறை வாங்குவதற்கு எடை மிக அதிகம். இதோடு இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் பாட்டைப் பதிவிறக்கி வாங்குவோர் 2012க்குப் பிறகு குறைந்துகொண்டே வந்தார்கள். எல்லோரும் சந்தாவுக்கு மாறினார்கள். குளம் சிறியதாகிவிட்டால், அதே கல் எழுப்பும் அலை பெரிதாகத் தெரியும். வாங்குவோர் கூட்டம் சுருங்கியபின், ஒரே வாரத்தில் ஒன்றுகூடி வாங்கும் ரசிகர்களின் வலிமை பட்டியலில் பெரிதாகத் தெரிந்தது.

‘பட்டர்’ 2021இல் வெளியானது. முதல் வாரம் அமெரிக்காவில் 2,42,800 பதிவிறக்கங்கள், 3 கோடியே 22 லட்சம் இணையக் கேட்புகள். மொத்தம் 10 வாரங்கள் முதலிடம். அந்த நாட்களில் பாட்டின் வேறுவேறு வடிவங்களும் வெளியாயின. 69 சென்ட் விலையும் இருந்தது. ரசிகர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களை வாங்கினார்கள்.

ஆக, கடைசி வரிசை மாணவன் சொன்னதில் உண்மை உண்டு. விலையும் முதலிடத்துக்கு ஒரு காரணம். ஆனால் விலை மட்டுமே காரணம் என்றால் தவறு. 69 சென்ட்டுக்கு விற்ற எல்லாப் பாட்டும் முதலிடம் வரவில்லை. பிடிக்காத பாட்டை யாரும் பாதி விலைக்கும் வாங்குவதில்லை.

வகுப்பறையில்: புளியங்கொட்டைச் சந்தை

இவ்வளவையும் சொல்லிமுடித்தால் அது சொற்பொழிவு. மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கவேண்டும். இதற்குத் தேவை புளியங்கொட்டைகளும் சிறு துண்டுத்தாள்களும் மட்டுமே.

தமிழ்ப் பாடநூலில் உள்ள ஐந்து பாடல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பாடலின் பெயரையும் எழுதிய துண்டுத்தாள்களே ‘பிரதிகள்’. ஐந்து மாணவர்கள் கடைக்காரர்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கு நான்கு புளியங்கொட்டைகள்.

முதல் சுற்று: எல்லாப் பாடலும் நான்கு கொட்டை. ஆளுக்கு ஒன்றுதான் வாங்க முடியும். பிரதிகளை எண்ணிப் பட்டியல் எழுதுங்கள்.

இரண்டாம் சுற்று: கொட்டைகளைத் திரும்பக் கொடுத்துவிட்டு, கடைசி இடம் பெற்ற பாடலின் விலையை மட்டும் ஒரு கொட்டை ஆக்குங்கள். ஒருவர் எத்தனை பிரதி வேண்டுமானாலும் வாங்கலாம்.

மூன்றாம் சுற்று: விலை அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு பாடலில் ஒருவருக்கு ஒரு பிரதிதான் என்று விதி போடுங்கள்.

நான்காம் சுற்று: கொட்டையே வேண்டாம். “இன்று மாலை வீட்டில் பாடிப்பார்க்க எந்தப் பாடல்?” என்று கேட்டு, பெயர் எழுதாத சீட்டில் விடை வாங்குங்கள்.

எங்கள் வகுப்பில் முதல் சுற்றில் ஐந்தாம் இடத்தில் இருந்த பாடல் இரண்டாம் சுற்றில் முதலிடத்துக்குத் தாவியது. மூன்றாம் சுற்றில் இறங்கியது. நான்காம் சுற்றில் அது ஐந்தாம் இடத்துக்குப் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். மூன்றாம் இடத்தில் நின்றது! மலிவாகக் கிடைத்ததால் கையில் எடுத்துப் படித்தவர்கள் சிலருக்கு அது பிடித்துப்போய்விட்டது. தள்ளுபடியால் உண்மையான ரசிகர்களும் உருவாவார்கள் என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் சுற்றின் விற்பனையை மூன்று விதமாகத் தொகுக்கச் சொல்லுங்கள்: பிரதிகளின் எண்ணிக்கை, கிடைத்த கொட்டைகள், வாங்கிய ஆட்களின் எண்ணிக்கை. ஒரே சந்தைக்கு மூன்று பட்டியல்கள் கிடைக்கும். முதலிடம் மாறக்கூடும். எது ‘சரியான’ பட்டியல் என்று குழுவாக விவாதிக்கட்டும்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் முதல் இரண்டு சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். நேர்க்கோட்டுக் குறிகளால் எண்ணவும், பட விளக்கப்படம் வரையவும் நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு இதுவே போதும். உயர்நிலை வகுப்புகளில் பட்டை விளக்கப்படம், சதவீத மாற்றம், எடையிட்ட சராசரி வரை கொண்டுபோகலாம். சமூக அறிவியல் ஆசிரியர்கள் இதே சந்தையில் விலையும் தேவையும் நடத்தலாம்.

மூன்று கேள்விகள்

பாடத்தின் முடிவில் மாணவர்களின் கையேட்டில் மூன்று கேள்விகளை எழுதவைத்தேன். எந்தத் தரவரிசையைப் பார்த்தாலும் இவற்றைக் கேட்கவேண்டும்.

1. எதை எண்ணினார்கள்? பிரதியையா, பணத்தையா, ஆட்களையா?

2. எண்ணப்பட்டவை ஒரே விலையில், ஒரே நிலையில் கிடைத்தவையா?

3. எண்ணும் விதியை வகுத்தவர் யார்? அது இடையில் மாறியதா?

இந்தக் கேள்விகள் இசைக்கு மட்டும் உரியவை அல்ல. ‘அதிகம் விற்பனையாகும் கைப்பேசி’, ‘ஐந்து நட்சத்திரம் பெற்ற கடை’, ‘லட்சம் பேர் பார்த்த காணொலி’ என்று நம் குழந்தைகளின் கண்முன் நாள்தோறும் எண்கள் வந்து விழுகின்றன. எண்ணைக் கண்டதும் நம்பிவிடுகிறவர்கள் உண்டு. ‘எல்லாம் ஏமாற்று’ என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. கேள்வி கேட்காமல் முடிவுக்கு வருவதில் இருவரும் ஒன்றுதான்.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “நீ ரசித்தது பொய்யில்லைம்மா. காசு கொடுத்து வாங்கிய ஒவ்வொருவரும் விரும்பித்தான் வாங்கினார்கள். ஆனால் எத்தனை பேர் ரசித்தார்கள் என்று அந்தப் பட்டியல் சொல்வதில்லை. அந்த வாரம், அந்த விலையில், அந்த விதிப்படி எது முன்னால் நின்றது என்பதைத்தான் சொல்கிறது.” அவள் சற்று யோசித்துவிட்டு, “அப்போ முதலிடம் வராத பாட்டும் நல்ல பாட்டா இருக்கலாம்ல மிஸ்?” என்றாள். கடைசி வரிசை மாணவன் திரும்பிப் பார்த்தான்.

அவன் எல்லாத் தேர்விலும் வகுப்பில் கடைசி மூன்று இடங்களுக்குள் வருபவன். தமிழ்நாட்டில் 2017 முதல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசை அறிவிப்பதை நிறுத்திவிட்டோம். ஆனாலும் நம் வகுப்பறைகளில், நம் பேச்சில், நம் பார்வையில் முதலிடமும் கடைசி இடமும் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. அந்த மூன்று கேள்விகளை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அன்று மாலை, மதிப்பெண் பதிவேட்டைத் திறந்தபோது அவை என்னையும் கேட்டன. எதை எண்ணினேன்? எல்லோரும் ஒரே நிலையிலா தேர்வெழுதினார்கள்? விதியை வகுத்தது யார்?

பதிவேட்டில் உள்ள மதிப்பெண்ணை நான் மாற்றவில்லை. தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு முதலிடம் இருக்கிறது என்று வகுப்பில் முதலில் கண்டுசொன்னவன் அவன்தான் என்பதை மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். எந்தப் பட்டியலிலும் அது ஏறாது. ஆனால் அடுத்த வகுப்பில் அவன் இரண்டாம் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தான்.